கண்குழியில் ஒரு துண்டுக் காகிதம்



ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் இரவை ஆவிகளின் இரவாகக் கொண்டாடுவர். ஹாலோவீன் என்பது அதன் பெயர். நவம்பர் முதல் நாள் கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாள் ஆதலின், அதற்கு முந்திய இரவில் இறந்தோர் உலாவுவர் என்பது பழைய நம்பிக்கை. இக்காலத்தில் அந்நம்பிக்கை விளையாட்டாகிவிட்டது. பூசணிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றுகின்றனர். பிள்ளைகள் பேய்வேடமிட்டு வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். கடைகளில் காகிதத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மண்டை ஓடுகளை அடுக்கி விற்கின்றனர். நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இவ்வழக்கம் மெல்லத் தலைகாட்டி வருகிறது. இதில் நமக்கு மனக்குறை ஒன்றுமில்லை. இறைவனைக் கபாலி என்று அழைத்து, மயிலாப்பூரில் அவனுக்குக் கோயிலும் குளமும் அமைத்து, அறுபத்துமூவர் விழா எடுக்கும் மக்களுக்கு மண்டை ஓடு புதிய பொருளன்று.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு மண்டை ஓடுதான். ஆனால் அது பொம்மையன்று. 1858-ஆம் ஆண்டு வரை ஓர் இந்தியச் சிப்பாயின் தோள்மேல் இருந்தது.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில், கெண்ட் மாவட்டத்துக் கடற்கரையில், வால்மர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் ‘லார்டு கிளைடு’ என்ற பெயரில் ஒரு மதுவிடுதி இருந்தது. லார்டு கிளைடு யார் என்பதை இங்கே சொல்லிவிடுதல் நலம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குதற்குப் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதியாக வந்து, இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவைக் கைப்பற்றிய காலின் காம்பெல் என்பவரே பின்னர் அப்பட்டம் பெற்றவர். 1963-ஆம் ஆண்டில் அவ்விடுதி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது. பின்புறத்துச் சாமான் அறையை ஒழுங்கு செய்தபோது, பழைய பெட்டிகளுக்கிடையே ஒரு மண்டை ஓடு கிடைத்தது. கீழ்த்தாடை இல்லை. பற்கள் சிலவே எஞ்சியிருந்தன; அவையும் ஆடின. பழுப்பேறிப்போன அந்த ஓட்டின் கண்குழி ஒன்றில் மடித்துச் செருகிய காகிதம் ஒன்றிருந்தது. அதில் கையெழுத்தாக ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

குறிப்பின் பொருள் வருமாறு: இது வங்காளச் சுதேசக் காலாட்படை 46-ஆம் பிரிவைச் சேர்ந்த ஹவில்தார் ஆலம் பேக் என்பவனுடைய மண்டை ஓடு; தன் படைப்பிரிவினர் வேறு சிலருடன் இவன் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டான்; 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் தலைமையானவர்களுள் ஒருவன்; கொடிய முரட்டுக் குணத்தினன்; ஐரோப்பியர் அனைவரும் உயிர் தப்பக் கோட்டையை நோக்கி ஓடியபோது ஒரு சிறு கூட்டத்துடன் அந்த வழியை மறித்தான்; டாக்டர் கிரகாம் என்பவரை, வண்டியில் அவர் மகள் பக்கத்தில் அமர்ந்திருக்கையிலேயே இவன் கூட்டத்தார் சுட்டுக் கொன்றனர்; அடுத்து ஹண்டர் பாதிரியாரைக் கொன்றான்; பாதிரியாரின் மனைவியும் பெண்மக்களும் கொடுமைப்படுத்தப்பட்டுச் சாலையோரத்தில் வெட்டப்பட்டனர். இவ்வளவும் கூறியபின், ஆலம் பேக்குக்கு வயது சுமார் 32, உயரம் 5 அடி 7½ அங்குலம் என்றும், அவன் பார்வைக்கு அவலட்சணமான சுதேசி அல்லன் என்றும் குறிப்பு சொல்கிறது. இறுதியாக, தண்டனை நிறைவேறியபோது காவற்பணியில் இருந்த 7-ஆம் டிராகூன் படையின் கேப்டன் காஸ்டெல்லோ இம்மண்டை ஓட்டைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று முடிகிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் இத்தகைய காகிதத்தைக் கண்டால் செய்தியைவிடச் சொற்களிடத்தில் சற்று நின்றுவிடுவோம். ‘அவலட்சணமானவன் அல்லன்’ என்னும் இரட்டை மறுப்பைப் பாருங்கள். அழகன் என்று சொல்ல எழுதியவருக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. உயரத்தை அரை அங்குலம் வரை கணக்கிட்டிருப்பது படைப்பிரிவின் ஆள்விவரப் பதிவேட்டை நினைவூட்டுகிறது. சந்தையில் வாங்கிய குதிரைக்கு எழுதும் அடையாளச் சீட்டும் இப்படித்தான் இருக்கும். ஆலம் பேக் என்ற பெயரும் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டதே. உருது வழக்கில் அது ஆலிம் பேக் என்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. ஆலிம் என்றால் கற்றவன் என்று பொருள். ‘கலகம்’ என்ற சொல்லைப் பற்றியோ கேட்க வேண்டா. நம் பழைய பாடப்புத்தகங்களில் அது சிப்பாய்க் கலகமாக இருந்தது; பின்னர்ப் பெருங்கிளர்ச்சியாகி, முதல் விடுதலைப் போரும் ஆயிற்று. எச்சொல்லை இட்டு நிரப்புகிறோமோ அதற்கேற்பக் குற்றவாளியும் வீரனும் இடம் மாறுவர். ஆகையால் சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, நடந்தது யாது என்பதைக் காண்போம்.

மண்டை ஓட்டைத் தம்வசம் வைத்திருந்த குடும்பத்தினருக்கு அது வீட்டில் இருப்பது மனத்துக்கு ஒவ்வவில்லை. குப்பையில் எறியவும் துணிவில்லை. கடைசியில் 2014-ஆம் ஆண்டில், லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் என்பவருக்கு எழுதினர். 1857-ஐப் பற்றி ஏற்கெனவே நூல் எழுதியிருந்தவர் அவர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஒருநாள், அவர் மண்டை ஓட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிறியதோர் இரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்றார். பக்கத்தில் நின்ற பயணிகள் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

முதலில் அது உண்மையான பொருள்தானா என்று பார்க்கவேண்டியிருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிபுணர்கள் ஆராய்ந்தனர். ஆணின் மண்டை ஓடு, தெற்காசியரைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம், இறந்தபோது வயது முப்பதுகளில் இருக்கலாம், காலம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பொருந்தும் என்று கூறினர். எலும்பில் அடிபட்ட தடயம் இல்லை. தசையை அகற்றக் கத்தி பட்ட கீறலும் இல்லை. ஆதலின் தலையை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தோ, பூச்சிகள் அரிக்கும்படி வெளியில் விட்டோ தூய்மை செய்திருக்க வேண்டும்.

பீரங்கியால் கொல்லப்பட்டவனின் தலையில் காயம் எப்படி இல்லாமற்போகும் என்று நேயர்கள் வியக்கலாம். அத்தண்டனையின் முறையே அப்படி. குற்றவாளியின் முதுகோ வயிறோ பீரங்கி வாயில் அழுந்துமாறு நிறுத்தி, கைகளைச் சக்கரங்களோடு பிணைப்பர். வெறும் மருந்தே போதும், குண்டு வேண்டுவதில்லை. வெடித்தவுடன் உடலின் நடுப்பகுதி ஒன்றுமில்லாமற் போகும். கைகால்கள் பக்கங்களில் வீழும். தலை மட்டும் அநேகமாகப் பழுதின்றி மேலே எழும்பிச் சில கஜ தூரத்தில் விழும். கண்ணால் கண்டவர் பலர் இதனை எழுதிவைத்துள்ளனர். இதற்குமேல் வருணிக்க நமக்கு விருப்பமில்லை.

இந்த முறையை ஆங்கிலேயர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மொகலாயர் காலத்திலேயே இது வழக்கில் இருந்தது. கும்பெனியார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1764-ஆம் ஆண்டில் ஹெக்டர் மன்றோ தம் படையில் ஒழுங்கு மீறிய 24 சிப்பாய்களுக்கு இத்தண்டனை விதித்தார். அவர்களுள் சிலர், தாங்கள் கிரெனடியர்கள் என்றும், போரில் எப்போதும் வலப்பக்கத்துக் கௌரவ இடம் தங்களுக்கே உரியது என்றும், ஆகவே சாவிலும் தங்களுக்கே முதலிடம் வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றனராம். மன்றோவே பிற்காலத்தில் இதனைச் சொன்னார். தமிழ்நாட்டிலும் இக்காட்சி நடந்துள்ளது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் பின்னர், இராணுவ நீதிமன்றம் தண்டித்தோருள் 6 பேர் பீரங்கியாலும், 5 பேர் துப்பாக்கியாலும், 8 பேர் தூக்கிலும் உயிரிழந்தனர். 1857-இலோ எண்ணிக்கை பெருகிற்று. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் பெஷாவரில் ஒரே அணிவகுப்பில் 55-ஆம் படைப்பிரிவினர் 40 பேர் சிதறடிக்கப்பட்டனர்.

தூக்குக் கயிறு மலிவாகக் கிடைக்கும்போது இந்த ஆரவாரம் எதற்கு? சாவுக்கு அஞ்சாத சிப்பாயும் ஈமக்கடன் இல்லாத சாவுக்கு அஞ்சுவான் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். சிதறிய உடலை இந்துவால் எரியூட்ட இயலாது. முஸ்லிமால் கிப்லாவை நோக்கி அடக்கம் செய்ய இயலாது. உயிரோடு மறுமையையும் பறிக்கும் தண்டனையாகவே அது கருதப்பட்டது. மண்டை ஓட்டை எடுத்துச் சென்றது அத்தண்டனையின் தொடர்ச்சி என்றே நாம் கொள்கிறோம்.

இனி, ஆலம் பேக்கின் கதை. சியால்கோட் நகரம் பஞ்சாபில், ஜம்மு மலைகளின் அடிவாரத்தில் உள்ளது. இன்று பாகிஸ்தானைச் சேர்ந்தது. அங்கே 1857-இல் 46-ஆம் காலாட்படையும் 9-ஆம் குதிரைப்படையின் ஒரு பகுதியும் தங்கியிருந்தன. மீரட்டிலும் டில்லியிலும் கிளர்ச்சி மூண்டபின் வெள்ளைப் படையினரைப் பஞ்சாபின் நகரும் படைக்காக எடுத்துச் சென்றுவிட்டனர். சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்குமாறு சிலர் கூறியும் பிரிகேடியர் பிரிண்டு இசையவில்லை. ஜூலை 9-ஆம் நாள் விடியற்காலையில் குதிரைப்படையினர் முதலில் எழுந்தனர். பிரிகேடியர் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சிறை திறக்கப்பட்டது, கருவூலம் சூறையாடப்பட்டது. ஐரோப்பியர் பழைய சீக்கியக் கோட்டைக்கு ஓடினர்.

இந்த நாளைப் பற்றிய பதிவுகளில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. 46-ஆம் படையினர் தம் அதிகாரிகளைக் கொல்லவில்லை. கர்னல் பர்க்குவார்சன் முதலியோரைக் காவற்கூடத்தில் மறைத்து வைத்துப் பகல் முழுதும் குதிரைப்படையினரிடமிருந்து காத்தனர். அதுமட்டுமன்று. கர்னல் தங்களுக்கே தலைவராக இருக்கவேண்டும் என்றும், பெருஞ்சம்பளம் தருவதோடு கோடைக் காலத்தில் மலைக்குச் செல்ல விடுமுறையும் அளிப்பதாகவும் கூறி அழைத்தனராம்! அவர் மறுத்தார், அவர்கள் வருந்தி விடைபெற்றுச் சென்றனர். மாலையில் டில்லியை நோக்கிப் படை புறப்பட்டது. கண்டோன்மெண்டில் நேரம் அறிவிக்கச் சுடப்படும் பழைய பீரங்கி ஒன்றை இழுத்துச் சென்றனர். அதனை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவன்தான் கிடைத்தான். அவன் பிரிகேடியரின் வீட்டுச் சமையற் பட்லர்.

அமிர்தசரஸிலிருந்து ஜான் நிக்கல்சன் நாற்பது மைல்களுக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே நாளில், கொளுத்தும் வெயிலில், குதிரையிலும் வண்டியிலும் படையை ஏற்றிக் கடந்து, குருதாஸ்பூரை அடைந்தார். ஜூலை 12-ஆம் நாள் இராவி ஆற்றின் திரிம்மு துறையில் இருதரப்பும் மோதின. சிப்பாய்களிடம் இருந்தவை பழைய துப்பாக்கிகள். எதிரில் நின்றவை புதிய என்ஃபீல்டுகளும் ஒன்பது பீரங்கிகளும். தோற்றவர்கள் ஆற்றின் நடுவே இருந்த திட்டில் ஒதுங்கினர். இடையில் ஆறு பெருகியது, பின்வாங்க வழியில்லை. 16-ஆம் நாள் நிக்கல்சன் படகுகளில் படையை ஏற்றித் திட்டைத் தாக்கினார். வெட்டுண்டவர் போக எஞ்சியோருள் பெரும்பாலோர் வெள்ளத்தில் மாண்டனர். பட்லர் பீரங்கியருகிலேயே இறந்தான். சிலர் மட்டும் ஜம்மு மலைகளுக்குத் தப்பினர். அவர்களுள் ஒருவன் ஆலம் பேக். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பசியிலும் குளிரிலும் மலைநாட்டில் அலைந்து, பிடிபட்டு, சியால்கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 1858-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் தண்டனை நிறைவேறியது. வேலூர் எழுச்சியின் தேதியும் அதுவே. இது வெறும் தற்செயல் என்று நாம் அறிவோம். ஆனாலும் குறித்து வைத்தோம்.

குறிப்பில் கண்ட கொலைகள் உண்மையில் நடந்தவை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. டாக்டர் ஜேம்ஸ் கிரகாம் தம் மகளோடு வண்டியில் சென்றபோதே சுடப்பட்டார். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பணிக்காக அவ்வாண்டுதான் சியால்கோட்டுக்கு வந்திருந்த தாமஸ் ஹண்டர், அவர் மனைவி ஜேன், கைக்குழந்தை ஆகிய மூவரும் சாலையில் கொல்லப்பட்டனர். சியால்கோட்டில் அவர்கள் நினைவாக எழுந்த தேவாலயம் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால், இவற்றைச் செய்தவன் ஆலம் பேக் என்பதற்கு வாக்னர் தேடிய ஆவணங்களில் சான்று கிடைக்கவில்லை. டாக்டரைச் சுட்டது குதிரைப்படை வீரன். ஹண்டர் குடும்பத்தைக் கொன்றதாகப் பெயர் சொல்லப்பட்டவன் சிப்பாயே அல்லன். ஹூர்மத் கான் என்ற, கச்சேரியில் கசையடி கொடுக்கும் சேவகன். குறிப்பில் வரும் ‘பெண்மக்கள்’ என்பாரும் கற்பனையே. ஹண்டர் தம்பதியருக்கு இருந்தது ஒரு சிசு. கொடுமைப்படுத்தப்பட்ட பெண்மக்கள் என்னும் செய்தி அக்காலத்தில் இங்கிலாந்து முழுதும் வாய்மொழியாக உலவிய கதைகளின் சாயல். யாரோ கேட்ட கதையைப் பிடிபட்ட ஒருவன் தலைமீது ஏற்றி எழுதிவிட்டனர்.

வழக்கறிஞர் வாதாட, சாட்சிகள் பேச, நீதிபதி ஆய்ந்து தீர்ப்பளித்த வழக்கன்று இது. படைப்பிரிவு எழுந்தது, அப்பிரிவைச் சேர்ந்தவன், ஹவில்தார். 1858-இல் சாவதற்கு இவை போதும். மேற்கொண்டு ஒரு குற்றச்சாட்டு வேண்டியிருந்தது மண்டை ஓட்டுக்குத்தான். கணப்பின் மேலோ கண்ணாடிப் பேழையிலோ வைத்து விருந்தினருக்குக் காட்டும் பொருளுக்குப் பின்னால் ஒரு கதை இல்லாவிடில் சுவையில்லை அல்லவா?

காஸ்டெல்லோ ஒருவர்தான் இப்படிச் செய்தார் என்று நினைக்கவேண்டா. இலங்கையில் 1817-1818 ஆண்டுகளின் ஊவா எழுச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை, கண்டியில் 1818 நவம்பர் 26-ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் சாவைக் கண்டு அதன் அமைதியை வியந்து எழுதிய டாக்டர் ஹென்றி மார்ஷல் என்பவரே அவருடைய மண்டை ஓட்டை எடுத்துச் சென்று, எடின்பரோவில் கபால சாஸ்திரம் ஆராய்ந்த சங்கத்துக்குக் கொடுத்தார். வியப்பும் திருட்டும் ஒரே கையால் நடந்தன. இலங்கை விடுதலை பெற்றபின் அது திரும்பி வந்து, 1954-இல் கண்டி தலதா மாளிகைக்கு எதிரில் எழுந்த நினைவுச் சின்னத்தில் இடம் பெற்றது. சூடானில் 1898-ஆம் ஆண்டில் மஹ்தியின் கல்லறையைப் பெயர்த்து, அவர் மண்டை ஓட்டைக் கிச்சனர் தம்மிடம் வைத்துக்கொண்டபோது, விக்டோரியா மகாராணியாரே முகம் சுளிக்க, அது புதைக்கப்பட்டது. 2020 ஜூலையில் பிரான்சு அல்ஜீரியாவுக்கு 24 மண்டை ஓடுகளைத் திருப்பியது. நம் நாட்டைப் பொறுத்தவரை, 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மாவட்டத்தில் ஒரு நாகா மனிதரின் மண்டை ஓடு, விலங்குக் கொம்புகளோடு சேர்த்து, ஏலத்துக்கு வந்தது. சில ஆயிரம் பவுன் விலை மதிப்பிட்டிருந்தனர். நாகாலாந்து முதலமைச்சர் நெய்பியு ரியோ மத்திய அரசுக்கு எழுத, கண்டனம் பெருக, ஏலத்தார் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினர்.

ஆலம் பேக்கின் மண்டை ஓடு வாக்னரின் கைக்கு வந்த அதே 2014-ஆம் ஆண்டில், திரிம்மு துறைக்குத் தெற்கே, இராவிக்கு இப்பாலுள்ள அஜ்னாலா என்ற ஊரில் ஒரு கிணறு தோண்டப்பட்டது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமை பெறும். லாகூர் மியான்மீரில் ஆயுதம் பறிக்கப்பட்டிருந்த 26-ஆம் காலாட்படையினர் 1857 ஜூலை 30-ஆம் நாள் தப்பியோடினர். மறுநாள் வெள்ளத்தில் இருந்த இராவிக் கரையில் அகப்பட்டனர். பலர் அங்கேயே ஆற்றில் மாண்டனர். எஞ்சிய 282 பேர் அஜ்னாலாக் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டனர். அமிர்தசரஸின் துணை ஆணையர் பிரெடெரிக் கூப்பர், ஆகஸ்டு முதல் நாள் காலை, அவர்களைப் பத்துப்பத்துப் பேராக வெளியே கொணர்ந்து சுடச் செய்தார். அன்று பக்ரீத் பண்டிகை. 237 பேர் சுடப்பட்டபின் மற்றவர் வெளிவரவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது, நெருக்கமான கொத்தளத்தின் உள்ளே 45 பேர் புழுக்கத்திலும் மூச்சுத் திணறலிலும் இறந்து கிடந்தனர். எல்லா உடல்களும் அருகிலிருந்த பாழுங்கிணற்றில் தள்ளப்பட்டு மண்ணால் மூடப்பட்டன. இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும் என்றால், கூப்பரே 1858-இல் பெருமையோடு ஒரு நூலில் எழுதிவிட்டார்!

கிணற்றின்மேல் பின்னாளில் ஒரு குருத்துவாரா எழுந்தது. ஊர் மக்கள் அதனை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, 2014 பிப்ரவரி இறுதியில் கிணற்றைத் தோண்டினர். எலும்புகளும் பற்களும் நாணயங்களும் பதக்கங்களும் குவியலாக வந்தன. பக்தியும் ஆர்வமுமாகத் தோண்டினார்களேயன்றி, தொல்லியல் முறைப்படி அடுக்கடுக்காகத் தோண்டவில்லை. அதனால் எலும்புகள் பல நொறுங்கின. இவை 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரத்தில் இறந்தோரின் எலும்புகளாக இருக்கலாம் என்று சிலர் ஐயம் எழுப்பினர். ஐயத்தைத் தீர்த்தவை பற்களே.

குழந்தைப் பருவத்தில் பல்லின் எனாமல் உருவாகும்போது, அக்குழந்தை குடிக்கும் நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் அதில் தங்கிவிடுகின்றன. ஆக்சிஜனில் கனமானதும் இலேசானதும் உண்டு. அவற்றின் விகிதம் ஊருக்கு ஊர், ஆற்றுக்கு ஆறு வேறுபடும். எனாமல் பிற்காலத்தில் மாறுவதில்லை. ஆதலின் ஒருவன் எங்கே இறந்தாலும், எந்நாட்டு நீரைக் குடித்து வளர்ந்தான் என்பதை அவன் பல் சொல்லும். பஞ்சாப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிலையம், காசி இந்துப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் 50 மாதிரிகளில் தாய்வழி மரபணுவையும், 85 மாதிரிகளில் ஆக்சிஜன் விகிதத்தையும் ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். இறந்தவர்கள் பஞ்சாபியர் அல்லர். கங்கைச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். 26-ஆம் படைப்பிரிவுக்கு ஆள் சேர்த்த பகுதியும் அதுவே. கூப்பரின் நூலும் பல்லும் ஒத்துப்போயின.

ஆயினும் அந்த 282 பேரில் ஒருவருடைய பெயரையும் எந்தப் பல்லும் சொல்லாது. ஆலம் பேக்குக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, உயரம் உண்டு. அவற்றைக் காத்துத் தந்தது அவனைப் பழித்து எழுதிய காகிதம். அவன் தலையைக் களவாடியவரே அவன் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோனதால்தான் இன்று நாம் அவனைப் பற்றிப் பேச முடிகிறது. இதனை நன்மை என்று கூற நம் நா எழவில்லை.

வாக்னர் 2017-இல் வெளியிட்ட தம் நூலில் இம்மண்டை ஓடு அதன் நாட்டுக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று எழுதினார். எந்நாட்டுக்கு என்ற கேள்வி எளிதன்று. அவன் இறந்த சியால்கோட் பாகிஸ்தானில் இருக்கிறது. 46-ஆம் படைக்கு ஆள் எடுத்த உத்தரப் பிரதேசப் பகுதிகள் இந்தியாவில் இருக்கின்றன. அவன் தோழர்களோடு நின்று போரிட்ட திரிம்மு துறை இரண்டு நாடுகளின் எல்லையை ஒட்டி இருக்கிறது. அந்த ஆற்றுத் திட்டிலேயே அடக்கம் செய்தால் பொருந்தும் என்பது வாக்னரின் யோசனை. இராவி மழைக்காலந்தோறும் தன் போக்கை மாற்றும் ஆறு. 1857-இல் இருந்த திட்டின் எல்லையை இன்று அளந்து காட்டுவது அரிது. பஞ்சாபின் நில அளவைக்காரர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள் என்றே நம்புகிறோம்.